வாய்ஸ் அலாரம்: சத்தம் காதைப் பிளக்கிறது, ஒரு வார்த்தை புரியவில்லை

மாடிப்படி:

வணக்கம் நண்பர்களே. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. நடுவே தரையிலிருந்து கூரை வரை திறந்த ஏட்ரியம், அதைச் சுற்றி ஒவ்வொரு மாடியிலும் நடைபாதை, உள்ளே அலுவலகங்கள், அடியில் பேஸ்மென்ட் கார் பார்க்கிங். பழைய மணியைக் கழற்றிவிட்டு, தீ வந்தால் ஸ்பீக்கரில் குரலால் அறிவிக்கும் வாய்ஸ் அலாரம் போட்டிருக்கிறார்கள். சான்றிதழ், வரைபடம், கையெழுத்து எல்லாம் பக்காவாக இருக்கிறது. ஆனால் தீ ஒத்திகை நடத்திவிட்டு ஏட்ரியத்தில் நின்றவர்களிடம் "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. "ஏதோ அறிவிப்பு வந்தது" என்கிறார் ஒருவர், "லிஃப்ட்டில் போகச் சொன்னார்கள்" என்கிறார் இன்னொருவர். சொன்னது அதற்கு நேர் எதிர்! பேஸ்மென்டில் இருந்த செக்யூரிட்டிக்கு ஒரு முனகல் மட்டும்தான் கேட்டதாம். அலுவலக அறைகளுக்குள் பரவாயில்லை, அங்கே எல்லாருக்கும் புரிந்திருக்கிறது.

போட்டுக் கொடுத்தவர்கள் சொல்லும் வைத்தியம், "சவுண்டு பத்தலை சார், எல்லா ஸ்பீக்கரையும் 3 வாட்டிலிருந்து 6 வாட் டேப்புக்கு மாற்றிவிடலாம்" என்பது. (டேப் என்பது ஸ்பீக்கர் எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு.) சோதனைக்காக ஆம்ப்ளிஃபையரில் மட்டும் ஒலியை ஏற்றிப் பார்த்தோம். ஏட்ரியத்தில் நிலைமை இன்னும் மோசமானதாகத்தான் எனக்குத் தோன்றியது, காதுதான் வலித்தது. மைக்கில் யாராவது நேரடியாகப் பேசினால் கேட்கவே வேண்டாம், பதிவு செய்த குரலே மேல் என்று ஆகிவிடுகிறது.

இப்போது ஓடும் செய்தியை அப்படியே தருகிறேன், குறை இதிலும் இருந்தால் சொல்லுங்கள். அலுவலகத்தில் ஒருவர் மீட்டிங் ரூமில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தது:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்கள் மற்றும் ஊழியர்களின் கனிவான கவனத்திற்கு. தவிர்க்க இயலாத அவசர நிலை காரணமாக, அனைவரும் பதற்றமடையாமல், மின்தூக்கிகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதோடு, அருகிலுள்ள அவசரகால வழிகளைப் பயன்படுத்தி வெளியேறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

சத்தம் கூட்டினால் ஏன் தெளிவு குறைகிறது? "தெளிவாக இருக்கிறது" என்பதை அளந்து சொல்ல வழி உண்டா, இல்லை ஆளாளுக்குக் காதுதான் அளவுகோலா?


நூறுவோல்ட்:

முதலில் அந்த 6 வாட் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள் சார். 100 வோல்ட் லைனில், அதாவது ஒரே கம்பியில் பல ஸ்பீக்கரை இணைக்கும் முறையில், ஸ்பீக்கர்களின் டேப் வாட்டையெல்லாம் கூட்டினால் வருவதுதான் ஆம்ப்ளிஃபையர் சுமக்க வேண்டிய எடை. ஒரு லைனில் 70 ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 3 வாட் என்றால் 210 வாட். 240 வாட் ஆம்ப்ளிஃபையர் போட்டிருப்பார்கள், சரி. எல்லாவற்றையும் 6 ஆக்கினால் 420. ஆம்ப்ளிஃபையர் திணறும், அலை முனை வெட்டுப்படும், இருக்கிற தெளிவும் போகும். மின்சாரம் போனால் தாங்க வேண்டிய பேட்டரியின் கணக்கும் அடிபடும், அதை யாரும் திரும்பப் போட மாட்டார்கள். இவ்வளவும் செய்து கிடைப்பது 3 டெசிபல். பவரை இரட்டிப்பாக்கினால் அவ்வளவுதான் கூடும், கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசமே தெரியும்.

ஏட்ரியத்தில் ஸ்பீக்கர் எங்கே மாட்டியிருக்கிறார்கள்? அளவு என்ன? பேஸ்மென்டில் ஒத்திகை நேரத்தில் ஃபேன் ஓடியதா? அப்புறம் ஏட்ரியமும் மாடிகளும் ஒரே ஜோனா (ஒரே செய்தி ஓடும் பகுதியா), தனித்தனியா? இதைச் சொல்லாமல் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.


மாடிப்படி:

ஏட்ரியம் தோராயமாக 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 26 மீட்டர் உயரம். ஸ்பீக்கர் 12, எல்லாம் உச்சிக் கூரையில், கீழ்நோக்கி. தரை கிரானைட், பக்கங்கள் பெரும்பாலும் கண்ணாடி. ராத்திரி ஆளில்லாத நேரத்தில் நடுவில் நின்று கையைத் தட்டினால் நாலு விநாடி போல ஒலி இழுக்கிறது.

பேஸ்மென்ட் ஃபேன் ஒத்திகையில் ஓடவில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை. மாடிக்கு ஒரு ஜோன். தீ உள்ள மாடிக்கும் அதற்கு மேல் மாடிக்கும் "வெளியேறுங்கள்", மற்ற மாடிகளுக்கு "தயாராக இருங்கள்" என்று வேறு செய்தி ஓடும்படி அமைத்திருக்கிறார்கள்.


எதிரொலி:

அளவு கொடுத்தது நல்லதாகப் போயிற்று, இனி கணக்கே பேசும்.

ஒரு அறையில் கேட்பவர் காதுக்கு இரண்டு வகை ஒலி வருகிறது. ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவது ஒன்று, சுவர், தரை, கண்ணாடி எல்லாவற்றிலும் பட்டுப் பட்டுத் தாமதமாக வந்து சேரும் கூட்டம் இன்னொன்று, அதைத்தான் முழக்கம் என்கிறோம். நேராக வருவது தூரம் கூடக் கூடக் குறையும், முழக்கமோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இரண்டும் சமமாகும் தூரத்துக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: 0.057 பெருக்கல் வர்க்கமூலம், உள்ளே ஸ்பீக்கரின் திசைக்குவிப்பு எண்ணை (ஒலியை ஒரு பக்கமாக எவ்வளவு குவிக்கிறது என்பது) அறையின் கன அளவால் பெருக்கி முழக்க நேரத்தால் (முழக்கம் அடங்க எடுக்கும் நேரம்) வகுத்தது. உங்கள் ஏட்ரியம் 7,800 கன மீட்டர். கைதட்டலை நம்பி முழக்க நேரம் 4 விநாடி என்று வைப்போம். குவிப்பு எண் 5 என்று கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொண்டால் வருவது 5.6 மீட்டர். இது ஒரே ஒரு ஸ்பீக்கருக்கு. நீங்கள் 12 ஸ்பீக்கரையும் சேர்த்து முழக்குகிறீர்கள், நேர் ஒலி அருகிலுள்ள ஒன்றிலிருந்து மட்டும் வருகிறது, முழக்கத்தைப் பன்னிரண்டும் சேர்ந்து ஊட்டுகின்றன என்று வைத்துப் பாருங்கள். அப்போது அந்தத் தூரம் 1.6 மீட்டராகச் சுருங்கும். தரையில் நிற்பவர் தலைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 24 மீட்டர்! அவர் கேட்பதில் ஏறத்தாழ எல்லாமே முழக்கம்.

சத்தம் கூட்டினால் ஏன் தெளிவு கூடவில்லை என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. ஒலியை ஏற்றினால் நேர் ஒலியும் ஏறும், முழக்கமும் அதே அளவுக்கு ஏறும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. சுற்றுச் சத்தம் பெரிதாக இருந்து குரல் அதில் அமுங்கினால் மட்டுமே ஒலியைக் கூட்டுவது உதவும். அதோடு காதுக்கும் ஒரு எல்லை உண்டு, பேச்சு 80 டெசிபலைத் தாண்டும்போது தாழ்ந்த ஒலிகள் உயர்ந்த ஒலிகளை மூடத் தொடங்கும், புரிதல் குறையும். உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பேச்சில் சத்தத்தின் பெரும்பகுதி உயிரொலிகளில் இருக்கிறது, அது தாழ்ந்த அதிர்வெண்ணில். எந்தச் சொல் என்று காட்டிக் கொடுப்பது மெய்யொலிகள், அவை மெல்லியவை, 2,000 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியில் அதிகம் வாழ்பவை. முழங்கும் கூடத்தில் ஒரு உயிரொலியின் வால் அடுத்த மெய்யின் மேல் போய் விழுகிறது. அதனால்தான் ஆள் பேசுகிறார் என்று தெரிகிறது, என்ன பேசுகிறார் என்று தெரிவதில்லை. காசில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை, சிஸ்டத்தில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது. குரலின் கம்பீரம் கொஞ்சம் போகும், போகட்டும்.

அளப்பதற்கு வழி இருக்கிறது. எஸ்டிஐ என்று பெயர், பேச்சு எவ்வளவு சேதமில்லாமல் போய்ச் சேருகிறது என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு எண். நெதர்லாந்தில் ஹௌட்காஸ்ட், ஸ்டீனெகன் என்ற இருவர் 1970களில் உருவாக்கியது, இன்றைக்கு ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் 60268-16 தரநிலையில் இருக்கிறது. 125 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஏழு பட்டைகளில் ஒலியின் ஏற்ற இறக்கம் எவ்வளவு மழுங்குகிறது என்று பார்ப்பதுதான் அடிப்படை. களத்தில் அதன் சுருக்க வடிவமான ஸ்டிபாவைப் பயன்படுத்துகிறோம், கையடக்க மீட்டர், ஒரு இடத்துக்குக் கால் நிமிடம் போதும். 0.45க்குக் கீழே மோசம், 0.6க்கு மேல் நன்று. வாய்ஸ் அலாரத்துக்கு வழக்கமான இலக்கு 0.5. அமெரிக்கத் தீப் பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏவின் 72ஆம் விதித்தொகுப்பு தரும் வழிகாட்டுதல் இன்னும் கொஞ்சம் விவரமானது: ஒலியியலில் ஒரே தன்மையுள்ள பகுதி ஒவ்வொன்றிலும் அளந்த இடங்களில் 90 சதவீதம் 0.45க்குக் குறையக்கூடாது, சராசரி 0.50க்குக் குறையக்கூடாது. உங்கள் சான்றிதழில் டெசிபல் எண் மட்டும் இருக்கிறதா, எஸ்டிஐ எண்ணும் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். வெறும் டெசிபல்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

சரி, தீர்வு. ஏட்ரியத்தில் ஒலி உறிஞ்சும் பொருள் ஒட்டலாம் என்று யாராவது வருவார்கள். முழக்க நேரத்தை 4லிருந்து 2 ஆக்க, இப்போது இருக்கிற உறிஞ்சலை இரட்டிப்பாக்க வேண்டும், முழக்க நேரத்துக்கான சபைன் சூத்திரப்படி அது இன்னும் 314 சதுர மீட்டர் முழு உறிஞ்சல், அதாவது படும் ஒலியை முழுவதும் விழுங்கும் பரப்பு. உங்கள் கூரையின் மொத்தப் பரப்பே 300தான், அதிலும் பாதி கண்ணாடியாக இருக்கும். முடிந்த இடத்தில் ஒட்டுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உச்சி ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டுத் தரைத்தளத்தில் தூண்களில் காலம் (column) ஸ்பீக்கர் வைக்கலாம். உயரவாக்கில் வரிசையாக அடுக்கிய ஸ்பீக்கர்கள், ஒலி செங்குத்தாகச் சிதறாமல் தட்டையாக ஆட்கள் தலைமட்டத்தில் போகும், எதிர்க் கண்ணாடியில் நேராக அடிக்காதபடி கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள். மாடி நடைபாதைகளுக்கு அந்தந்த மாடியின் தாழ்ந்த கூரையில் சின்ன ஸ்பீக்கர்கள், குறைந்த ஒலியில். கேட்பவருக்கு அருகில், மெதுவாக. எங்கேயோ தூரத்தில் இருந்துகொண்டு கத்துவதுதான் இப்போது நடக்கிறது.


நூறுவோல்ட்:

எதிரொலி சார் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் அடைப்புக்குறி போடுகிறேன். "சின்னச் சின்ன ஸ்பீக்கர் நிறைய" என்று எடுத்துக்கொண்டு ஏழு மாடியிலும் ஏட்ரியத்தைப் பார்த்து மாட்டினால் கதை கந்தல். ஒவ்வொன்றும் அந்த முழக்கக் குளத்தில் தண்ணீர் ஊற்றும். நடைபாதை ஸ்பீக்கர் உள்பக்கம் பார்க்க வேண்டும், ஏட்ரியத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். அதோடு 17 மீட்டர் தூர வித்தியாசம் வந்தாலே ஒலி 50 மில்லிவிநாடி பிந்தி வரும், அதற்கு மேல் போனால் காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். காலம் ஸ்பீக்கர்களுக்கு நடுவே அந்த இடைவெளி வந்தால் டிலே (ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு) போட்டுச் சரிக்கட்ட வேண்டும்.

மாற்றும் ஸ்பீக்கர் ஐரோப்பியத் தரநிலையான இஎன் 54-24 மாதிரி வாய்ஸ் அலாரத்துக்கென்று சான்று பெற்றதா என்று பாருங்கள், மியூசிக் கடையில் கிடைக்கும் காலம் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டிவிடப் போகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்கள் ஏ, பி என்று இரண்டு லைனில் மாற்றி மாற்றி இருக்க வேண்டும், ஒரு லைன் எரிந்து போனாலும் மற்றது பேசும்.

ஃபேன் ஏன் கேட்டேன் என்றால், தீ அலாரம் வந்தால் புகை வெளியேற்றும் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். படிக்கட்டுக்குள் காற்றழுத்தம் ஏற்றும் ஃபேனும் ஓடும். ஒத்திகையில் அதையெல்லாம் நிறுத்திவைத்திருப்பீர்கள். ஆகவே உங்கள் செக்யூரிட்டி கேட்ட அந்த முனகல் அமைதியான பேஸ்மென்டில் கேட்டது, நிஜத்தில் அதுவும் கேட்காது. பேஸ்மென்டில் மட்டும் ஒலியைக் கூட்டுவது நியாயம்தான், ஃபேனை ஓடவிட்டு அளந்து, அந்தச் சத்தத்துக்கு மேல் 10 டெசிபலாவது குரல் நிற்கிறதா என்று பார்த்து, அதுவும் ஸ்பீக்கர் எண்ணிக்கையைக் கூட்டி. கூடவே பழைய சைரன் ஏதாவது கழற்றாமல் விட்டிருக்கிறார்களா பாருங்கள், குரல் ஓடும்போது சைரனும் ஊதிக்கொண்டிருக்கும் கட்டடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜோன் விஷயம் இன்னொரு தலைவலி. ஏட்ரியத்துக்குத் திறந்த மாடிகளில் ஒன்றில் "வெளியேறுங்கள்", அடுத்ததில் "தயாராக இருங்கள்" என்று ஒரே நேரத்தில் ஓடினால் நடைபாதையில் நிற்பவருக்கு இரண்டும் கலந்து கேட்கும். திறந்த பகுதி முழுவதையும் ஒரே ஜோனாக்கி ஒரே செய்தியை ஒரே நொடியில் ஓடவிட வேண்டும். ஆனால் இது தீ வெளியேற்றத் திட்டத்தையே தொடும் மாற்றம், அதை எழுதியவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.


ராக்கோழி:

நான் கன்ட்ரோல் ரூம் ஆள், மைக்குக்குப் பின்னால் உட்காருபவன். ஸ்பீக்கர், சூத்திரம் எல்லாம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

"மதிப்பிற்குரிய" என்று தொடங்கி "அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிகிறது, தீ என்ற சொல்லே இல்லை. திறப்பு விழா அழைப்பிதழ் எழுதியவரே இதையும் எழுதியிருப்பார் போல. முழங்குகிற கூடத்தில் நீளமான வாக்கியம் நிற்காது, கேட்பவர் நடுவில் ஒரு துண்டைத்தான் பிடிப்பார், அந்தத் துண்டு தனியாக நின்றாலே பொருள் தர வேண்டும். உங்கள் ஆள் "லிஃப்ட்டில் போகச் சொன்னார்கள்" என்று சொன்னது தற்செயல் இல்லை. "பயன்படுத்தாதீர்கள்" என்பதில் வேண்டாம் என்ற பொருள் வினையின் வாலில் ஒரு சின்ன அசையில் தொங்குகிறது, முழக்கம் முதலில் விழுங்குவது அதைத்தான். மிச்சம் கேட்பது "மின்தூக்கி... பயன்படுத்...". ஆகவே எதிர்மறையைத் தனிச் சொல்லாக வெளியே எடுங்கள். இடது, வலது என்றும் சொல்லாதீர்கள், இரண்டுக்கும் வால் ஒன்று, தவிர யாருக்கு இடது? "நுழைவாயில் பக்கப் படிக்கட்டு" என்று இடத்தைச் சொல்லுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கவனியுங்கள், கவனியுங்கள். கட்டடத்தில் தீப்பிடித்திருக்கிறது. எல்லோரும் இப்போதே வெளியே செல்லுங்கள். படிக்கட்டு வழியாக இறங்குங்கள். லிஃப்ட் வேண்டாம். லிஃப்ட் வேண்டாம்."

முதல் "கவனியுங்கள்" பலி கொடுப்பதற்கு. ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதற்குள் அது போய்விடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒலி அடங்கும் வரை நிறுத்தம் வேண்டும். செய்திக்கு முன்னால் வரும் தொனிக்கும் இதே கதைதான். 4 முதல் 10 விநாடி தொனி, பிறகு 1 முதல் 2 விநாடி மௌனம் என்பது பிரிட்டிஷ், ஐரோப்பிய வழக்கம், ஆனால் உங்கள் கூடத்தில் நாலு விநாடி இழுக்கிறது என்றால் 2 விநாடியையும் முழுசாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் தொனியின் வால் முதல் சொல்லின் மேல் உட்காரும்.

"தீ என்று சொன்னால் பீதி கிளம்பும்" என்று நிர்வாகம் சொல்லும், எங்கும் சொல்கிறார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் மான்யுமென்ட் என்ற சுரங்க ரயில் நிலையத்தில் ப்ரூ, சைம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து விதமாக ஒத்திகை நடத்தி 1991இல் வெளியிட்டார்கள். வெறும் மணி மட்டும் அடித்தபோது ஆட்கள் அசையவே இல்லை என்று சொல்லலாம், என்ன நடந்தது, எங்கே போக வேண்டும் என்று அறிவிப்பில் தெளிவாகச் சொன்னபோதுதான் மளமளவென்று கிளம்பினார்கள். பீதி கிளம்பவில்லை. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத் தீயில், 1987, 31 பேர் இறந்தார்கள், அங்கே ஒலிபெருக்கி இருந்தும் அதைப் பயன்படுத்தவே இல்லை என்று விசாரணையில் வந்தது. மக்களுக்குத் தகவல் கொடுக்கப் பயப்படுவதைவிட, கொடுக்காமல் விடுவதற்குப் பயப்படலாம்.

நேரடி மைக் மோசம் என்று சொன்னீர்கள். உங்கள் மைக் இருக்கும் இடத்தில் அதே ஜோனின் ஸ்பீக்கர் இருக்கிறதா? அல்லது கதவு ஏட்ரியத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறதா? தன் குரல் ஒரு இமைப்பொழுது தாமதமாகத் தன் காதுக்கே வந்தால் யாராக இருந்தாலும் நாக்கு குழறும், கால் விநாடிக்குச் சற்றுக் குறைந்த தாமதம் வந்தால் நன்றாகப் பேசுபவரே திக்குவார். பேசும் பட்டனை அழுத்தியதும் அந்த அறை ஸ்பீக்கர் தானாக அணைய வேண்டும். சில சிஸ்டங்களில் பேசியதைப் பதிந்துகொண்டு, பேசி முடித்த பிறகு ஒலிபரப்பும் வசதி உண்டு, இருந்தால் அதைப் போடுங்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர். ஒரு அடி தள்ளி வைத்துப் பேசினால் அறைச் சத்தமும் சேர்ந்து போகும். கத்தக் கூடாது. கத்தும்போது உயிரொலிதான் நீண்டு பெருக்கும், மெய்யொலி அப்படியே நிற்கும், இது மேலே எதிரொலி சார் சொன்ன அதே வியாதி. நான் மைக் பக்கத்திலேயே அட்டைகள் வைத்திருக்கிறேன், தீ, எரிவாயு கசிவு, ஒத்திகை, தவறான அலாரம் என்று தனித்தனியாக, நிறுத்த வேண்டிய இடத்தில் தடித்த கோடு போட்டு. நெருக்கடியில் சொந்தமாக வாக்கியம் அமைக்கத் துணிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.


செவிச்செல்வம்:

இரண்டு காதிலும் கருவி போட்டிருப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம். கருவி எல்லாவற்றையும் பெரிதாக்கும், முழக்கத்தையும் சேர்த்துத்தான். மற்றவர்களுக்கு 0.5 "பரவாயில்லை" என்றால் எனக்கு அது வெறும் இரைச்சல். வயதானவர்களுக்கு உயர்ந்த அதிர்வெண்தான் முதலில் போகும், அதாவது மெய்யொலி. அந்த மொழி தாய்மொழியாக இல்லாதவருக்கும் இதே நிலைமை, அவருக்கு அதிக எஸ்டிஐ தேவைப்படும் என்று ஐஇசி தரநிலையிலேயே இருக்கிறது. ஆகவே 0.5 தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள்.

கழிப்பறை மாதிரி ஒருவர் தனியாக இருக்கக்கூடிய இடங்களில் ஒளிரும் விளக்கு வையுங்கள், ஏட்ரியத்தில் விளம்பரத் திரை இருந்தால் அலாரத்தின்போது அதே செய்தி எழுத்தில் வரும்படி இணைக்கப் பாருங்கள். இரண்டு மொழியில் அறிவிப்பதாக இருந்தால் இரண்டும் குட்டியாக இருக்க வேண்டும். முதல் மொழியில் ஒரு நிமிடம் ஓடினால் இரண்டாம் மொழிக்காரர் ஒரு நிமிடம் முழித்துக்கொண்டு நிற்பார்.


மாடிப்படி:

எல்லாருக்கும் நன்றி. சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், எதிரொலி சார் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார், டெசிபல் மட்டும்தான். மைக் ஏட்ரியத்தைப் பார்த்த வரவேற்பு மேஜையில் இருக்கிறது, தலைக்கு மேலேயே ஒரு ஸ்பீக்கர். பேஸ்மென்டில் பழைய சைரன் இன்னும் இணைப்பில் இருப்பதும் தெரியவந்தது, நூறுவோல்ட் சாருக்குத் தனி நன்றி.

200 ஹெர்ட்ஸ் வெட்டு, புதிய செய்தி, மைக்கை இடம் மாற்றுவது, சைரனைத் துண்டிப்பது இவற்றை முதலில் செய்யச் சொல்லியிருக்கிறேன். காலம் ஸ்பீக்கருக்கு அனுமதி வாங்க நேரமாகும். மூன்று கேள்வி மிச்சம். செய்தியைக் கணினிக் குரலில் செய்யலாமா? படிக்கட்டுக்குள்ளும் 0.5 வர வேண்டுமா? அளக்க வருபவர் ஆபீஸ் நேரத்தில் வர முடியாது, ராத்திரிதான் வருவேன் என்கிறார், அது செல்லுமா?


எதிரொலி:

கணினிக் குரல் தப்பில்லை, ஆனால் வாக்கிய இடைவெளியைக் கையால் நீட்ட வேண்டியிருக்கும், மெய்யொலிகளைத் தேய்த்துப் பேசும் குரலாக இருந்தால் வேண்டாம். மனிதக் குரல் என்றால் அந்த மீட்டிங் ரூம் பதிவைத் தூக்கிப்போடுங்கள், அந்த அறையின் முழக்கமும் பதிவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் ஏட்ரியம் இன்னொன்றைச் சேர்க்கும். பதிவறை முழக்கம் அரை விநாடிக்குள், பின்னணிச் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்கட்டும். ஆணா பெண்ணா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை, உச்சரிப்புதான் முக்கியம்.

படிக்கட்டுக்குள் 0.5 எடுப்பது பெரும்பாடு. எல்லாப் பகுதியிலும் பேச்சு புரிந்தே ஆக வேண்டும் என்று என்எஃப்பிஏவும் சொல்லவில்லை, எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று திட்டமிடும்போதே பிரித்து எழுதச் சொல்கிறது. படிக்குள் வந்தவர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தொனி கேட்டால் போதும் என்பது என் கட்சி. படிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கதவு வாசலில்தான் புரிய வேண்டும்.

ராத்திரி அளப்பது செல்லும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. அளவு எடுக்கும்போது யாராவது பேசினாலோ எதையாவது தள்ளினாலோ எண் கெட்டுவிடும். ஆனால் ஆள் நடமாட்டமுள்ள நேரத்தில், அப்புறம் தீ ஃபேன்கள் ஓடும்போது, இரண்டு முறையும் பட்டை வாரியாகச் சத்தத்தைத் தனியே அளந்து, ராத்திரி எண்ணோடு கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், மீட்டரோடு வரும் மென்பொருளே செய்யும். சேர்க்காமல் கொடுக்கும் எண்ணை வாங்காதீர்கள்.


நூறுவோல்ட்:

அளக்கிறவரிடம் இதையும் கேளுங்கள். ஸ்டிபா சிக்னலை ஆம்ப்ளிஃபையரில் நேராகச் செருகினால் மைக் பக்கம் சோதனையில் வராது. பதிவுச் செய்திக்கு அப்படி ஒரு முறை, நேரடி மைக்குக்கு அந்தச் சிக்னலை வாய் மாதிரி ஒலிக்கும் பெட்டியை மைக் முன்னால், பேசுகிற தூரத்தில் வைத்து ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணுக்கும் பெரிய இடைவெளி வந்தால் குறை மைக் பக்கம்தான் என்று தெரிந்துவிடும், ஸ்பீக்கரை நோண்ட வேண்டாம். கம்ப்ரெஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கருவி) ஏதாவது போட்டிருந்தால் அளக்கும் நேரத்துக்கு அதை விலக்கிவைக்கச் சொல்லுங்கள், அது இருந்தால் ஸ்டிபா எண் சரியாக வராது.